படத்தில் சனம் இல்லை

மிசிசாகா என்ற சொல்லை நாங்கள் நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது சொல்கிறோம். சம்பளத் துண்டிலும் கார்க் காப்புறுதியிலும் ஊருக்கு அனுப்பும் கலியாணக் காட்டின் மூலையிலும் அது இருக்கிறது. அது ஒரு சனத்தின் பெயர் என்று எங்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? பிறரைக் குற்றம் சொல்ல முதல் என்னைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் இந்த நகரத்துக்கு வீட்டுவரி கட்டிய நான் அதை நினைத்துப் பார்த்தது, என் மனைவியின் தாய்மாமன் ஒரு கலைக்கூடத்தில் நின்று சொன்ன ஒரு வார்த்தையால்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளிடம் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வழக்கப்படி நயாகராவைக் காட்டினோம், சி.என். கோபுரத்தைக் காட்டினோம், ரிச்மண்ட் ஹில் பிள்ளையாரைக் காட்டினோம். பிறகும் இரண்டு சனிக்கிழமை மிச்சமிருந்தது. "இந்த நாட்டுக்காரர் கீறின படங்கள் வைச்சிருக்கிற இடம் ஒண்டும் உங்கை இல்லையோ?" என்று அவர்தான் கேட்டார். ரொறன்ரோவில் டண்டாஸ் வீதியால் சைனா ரவுணுக்கு மரக்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. போர்ட் கிறெடிற்றில் கோ ரெயின் ஏறி, யூனியனில் மாறி, சென் பற்றிக்கில் இறங்கி நடந்தோம்.

ஒன்ராறியோ கலைக்கூடம் 1900இல் தொடங்கப்பட்டது. அதற்குள் ஜே.எஸ். மக்லீன் மையம் என்றொரு பகுதி. முன்னர் அது கனடியக் கலைக்குரியது. 2018 ஜூலையில், 'ஆதிக்குடிகளினதும் கனடாவினதும் கலைக்கான மையம்' என்று பெயரை மாற்றி, படங்களையும் புதிதாக அடுக்கித் திறந்தார்கள். அடுக்கியவர்கள் இருவர்: அனிஷினாபே இனத்தவரான வண்டா நனிபுஷ், மற்றவர் ஜோர்ஜியானா உல்யாறிக். ஒரு மாதக் கண்காட்சியல்ல இது. வருடக்கணக்காகச் சுவரில் நிற்பது. ஒரு நாடு தன்னை எப்படிப் பார்க்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுகிற இடம்.

மாமா படங்களைப் பார்க்க முதல் பலகையைத்தான் பார்த்தார். மூன்று மொழிப் பலகை. இலங்கைத் தமிழனுக்கு மூன்று மொழிப் பலகையைக் கண்டால் கண் தானாக வரிசையைத்தான் தேடும்: யார் மேலே, யார் கீழே, யாருடைய எழுத்துச் சிறியது, எங்கே எழுத்துப் பிழை. 1956இல் தொடங்கிய பழக்கம் அது.

"முதலாவதாக் கிடக்கிறது என்ன பாஷை?"

"அனிஷினாபேமோவின் மாமா. உந்த மிசிசாகா ஆக்களின்ர பாஷை. பிறகுதான் இங்கிலிஸ், பிரெஞ்சு."

"எங்களுக்கு ஒரு நாளும் மேலை இடம் தந்ததில்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இஞ்சை உதை வாசிக்கிற சனம் எத்தினை?" என்றும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. தமிழ் 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு ஆட்சிமொழியானது; அதற்குப் பிறகும் தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மொழிபெயர்க்க ஆள் தேடி அலைந்தவர்களுக்குப் பலகையின் பெறுமதியும் தெரியும், பலகை எதோடு நின்றுவிடும் என்பதும் தெரியும்.

பிறகு படங்கள். கனடாவில் கலை என்றால் முதலில் சொல்லப்படுவது 'எழுவர் குழு'. லோறன் ஹரிஸ், ஏ.வை. ஜக்சன், ஆர்தர் லிஸ்மர் முதலானோர். 1920 மே மாதம் அவர்களுடைய முதலாவது கண்காட்சி நடந்தது இதே நிறுவனத்தில்தான். குழு தொடங்க முதலே, 1917இல், அல்கொன்குவின் பூங்காவிலுள்ள கனூ ஏரியில் இறந்துபோன ரொம் தொம்சன் அவர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. அவருடைய 'மேல்காற்று' இந்தக் கலைக்கூடத்தின் சொத்து. காற்றில் முறுகி நிற்கும் பைன் மரம், பின்னால் நுரைக்கும் ஏரி, கிழிந்து ஓடும் முகில். காட்டில் பிடித்த காட்சியை ரொறன்ரோவில் ஒரு கொட்டிலுக்குள் வைத்துப் பெரிதாக்கித் தீட்டினார். உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தின் முன்னால் எனக்கு மூச்சு நின்றது. காற்றின் ஓசை காதில் விழுந்த மாதிரி இருந்தது. படம் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு விவாதம் செய்வதில் எனக்கு விருப்பமில்லை.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். திரும்பி வந்து சொன்னார்: "நல்லாத்தான் கீறியிருக்கிறாங்கள். ஆனா தம்பி, மரமும் கல்லும் தண்ணியுமாக் கிடக்கு. சனத்தைக் காணேல்லை."

பிறகு, திணைக்களக் குரலில்: "உது முடிக்குரிய காணிப் படம்."

இதைவிடக் கூர்மையான கலை விமர்சனத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. இலங்கையில் 1840இல் ஒரு சட்டம் வந்தது. காடும் தரிசும் ஆளில்லாத காணியும், உரிமை நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே சொந்தம் என்றது அது. உறுதி இல்லாதவன் காணியில் இல்லாதவன். சேனை வெட்டியவனும் மாடு மேய்த்தவனும் படத்திலிருந்து அழிந்து போனார்கள். அப்படி வெறுமையாக்கிய மலைகளில் கோப்பி நட்டார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சனத்தைக் கொண்டுவந்தார்கள். 1948இல் சுதந்திர இலங்கை அந்தச் சனத்தையும் குடியுரிமைச் சட்டத்தால் படத்திலிருந்து எடுத்தது. மாமா தன் உத்தியோக காலம் முழுவதும் கீறியது இந்த முடி போட்டுத் தந்த எல்லைகளைத்தான். அதனால்தான் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒன்ராறியோவின் நிலத்தில் 87 சதவீதம் இன்றைக்கும் முடிக்குரிய காணி என்று பிறகு நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

தொம்சன் தீட்டிய அல்கொன்குவின் பூங்கா 1893இல் உருவாக்கப்பட்டது. அல்கொன்குவின் என்பதும் ஒரு சனத்தின் பெயர்தான். அந்த நிலத்தைத் தாங்கள் ஒருபோதும் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அவர்களுடைய வழக்கு. பெயரை வைத்துக்கொண்டு ஆளை வெளியே விடுவது இந்த நாட்டின் பழைய வழக்கம், மிசிசாகாவும் அப்படித்தான். எழுவர் குழு தன் முதற் கண்காட்சியை வைத்த அதே 1920இல், ஆதிக்குடிப் பிள்ளைகளை வதிவிடப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக அனுப்ப வழிசெய்யும் சட்டத் திருத்தம் வந்தது. அதைக் கொண்டுவந்த உயர் அதிகாரி டங்கன் கம்பல் ஸ்கொற் நாடறிந்த கவிஞர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கலை மனிதனை மென்மையாக்கும் என்று எங்கள் இலக்கியச் சந்திப்புகளில் பேசுகிறவர்களுக்காக. 1927இல் இன்னொரு திருத்தம்: காணி வழக்குப் பேச ஆதிக்குடிகள் காசு சேர்ப்பதே குற்றம். அது 1951வரை நின்றது. காட்டின் அழகை நாட்டின் ஆன்மா என்று சுவரில் மாட்டிய அதே வருடங்களில்தான், காட்டுக்காரன் வழக்கறிஞர் பிடிப்பதைத் தடுத்தார்கள். ஓவியர்கள் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வெறுமையாக்கப்பட்டிருந்த இடத்துக்குப் போய் அவர்கள் வெறுமையைக் கண்டார்கள். அதைத் தீட்டினார்கள். நாடு அதைத் தன் முகம் என்று எடுத்துக்கொண்டது.

மாமாவின் வார்த்தை என்னைப் புத்தகங்களுக்குள் தள்ளியது. நாங்கள் ரெயின் ஏறிய கிறெடிற் ஆற்றங்கரை மிசிசாகா மக்களின் இடம். ரொறன்ரோ நகரம் எழுந்த நிலத்தை அவர்களிடம் வாங்கியதாக 1787இல் எழுதிய உறுதியைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது அது வெற்றுத் தாளாக இருந்தது. தலைவர்களின் குலக்குறிகள் வேறு துண்டுகளில் கீறப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் அதை உறுதிப்படுத்தினார்கள்: இரண்டரை இலட்சம் ஏக்கருக்குப் பத்து ஷிலிங். 2010இல்தான் மத்திய அரசு 145 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுத்து அந்த வழக்கை முடித்தது. மிசிசாகா மக்கள் 1826இல் கிறெடிற் ஆற்றோரம் ஒரு கிராமம் கட்டினார்கள். அவர்களுடைய தலைவரும் மதபோதகருமான பீற்றர் ஜோன்ஸ் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் காணிக்கு உறுதி தாருங்கள். அதற்காக 1838இல் லண்டன் போய் விக்ரோறியா மகாராணியையே கண்டார். உறுதி கிடைக்கவில்லை. 1847இல் கிராமமே எழும்பி, வேறொரு ஆதிக்குடி தந்த நிலத்துக்குப் போனது. அந்தக் கிராமம் நின்ற இடத்தில் இன்று கோல்ஃப் மைதானம்.

யாழ்ப்பாணத்தானுக்கு உறுதி என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. ஓடும்போது நகையை விட்டுவிட்டு உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினர் உடனே கண் கலங்கி, "அவையளும் எங்களைப் போலத்தான்" என்பார்கள். இப்போது எங்கள் விழாக்களில் மங்கள விளக்குக்கு முன்னோ பின்னோ, இது இன்னாருடைய பாரம்பரிய நிலம் என்றொரு வாசகம் வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில். வாசிக்கும் பிள்ளை பெயர்களில் தடுக்கி விழும், சபை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும், பிறகு பரதநாட்டியம். இன்னொரு பகுதியினர், "நாங்கள் நேற்று வந்த சனம், உந்தக் கணக்கு வெள்ளைக்காரனுடையது" என்பார்கள்.

இரண்டுமே வசதியான பேச்சு. இலங்கையில் நாங்கள் அவர்களைப் போல. இங்கே நாங்கள் குடியேறிகளைப் போல. ஒரே ஆள்தான் இரண்டும். குடியுரிமை எடுத்த நாளில் நாங்கள் வலக்கையை உயர்த்தி விசுவாசப் பிரமாணம் செய்தது யாருக்கு? முடிக்கு. அதே முடிக்கு. ஆதிக்குடிகளின் ஒப்பந்த உரிமைகள் பற்றி ஒரு வரியைப் பிரமாணத்தில் சேர்த்ததே 2021இல்தான். என்னைப்போல் அதற்கு முதல் உயர்த்திய கைகளுக்கு அந்த வரியும் இல்லை. பதிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது வீடு, உறுதியோடு.

கலைக்கூடம் மட்டும் திருந்திவிட்டதா? எமிலி கார் 1929இல் வரைந்த படம் ஒன்று அங்கே இருக்கிறது. கரும்பச்சைக் காடு வாயைத் திறந்து விழுங்கப் போவதுபோல நிற்க, நடுவே ஒரு சிறிய வெள்ளைத் தேவாலயம், பக்கத்தில் சிலுவைகள். 'இந்தியத் தேவாலயம்' என்றிருந்த தலைப்பை 2018இல் 'யூக்குவோற் கிராமத்துத் தேவாலயம்' என்று மாற்றினார்கள். வரலாற்றை அழிக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் ஒரே கூச்சல். ஒரு ஊருக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுப்பது எப்படி வரலாற்றை அழிப்பதாகும் என்று திருகோணமலைக்காரரையோ மணலாற்றுக்காரரையோ கேட்டுப் பார்க்கலாம். பெயர்ப்பலகை மாறுவது சின்ன விடயமல்ல என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மாற்றியவர்களில் ஒருவரான வண்டா நனிபுஷ் 2023 நவம்பரில் அந்தப் பதவியில் இல்லை. பலஸ்தீனம் பற்றி அவர் வெளியிட்ட கருத்துக்களுக்கு எதிராக முறைப்பாடு போயிருந்தது. அதன் பின்னர் அவர் விலகினார், கலைஞர்கள் பலர் கண்டித்தார்கள். தன் நிலம் பறிபோனதை அழகாகச் சொல்லலாம். அடுத்தவனின் நிலத்தைப் பற்றிப் பேசினால் சங்கடம் வருகிறது. இதை வாசித்து வெள்ளைக்கார நிறுவனங்களைப் பார்த்து நாக்கு வளைப்பது எங்களுக்குச் சுகம். நான் அந்தச் சுகத்தைத் தர வரவில்லை.

ஏனென்றால் எங்களுக்கும் ஒரு கலை வரலாறு உண்டு, அதற்கும் சுவர் உண்டு. முதலில் மற்றவருடையதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் 1877இல் திறந்த தேசிய நூதனசாலை, அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி என்று அரச காலங்களின் ஒழுங்கில் நடக்கிறது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் எடுத்த நடராசரும் நாயன்மாரும் அங்கே உண்டு, ஆனால் பாடப்புத்தகத்தில் அவர்களை வார்த்த காலத்துக்குப் பெயர் படையெடுப்பு. இதில் ஒரு முரண்: அந்த வெண்கலங்களைப் பற்றி 1914இல் நூல் எழுதியவரும், அதற்கு முன் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை எழுதியவரும் ஒருவரே: முத்துக் குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி. அடுத்த சனத்தின் கலையை அவர்களைவிட ஆழமாக அவர் பார்த்தார். 1917இல் பொஸ்ரன் நூதனசாலைக்குப் போனவர் அங்கேயே முடிந்தார். எங்களுக்கு முந்திய புலம்பெயர்ந்தவர். அவருடைய அந்தக் கண் எங்களுக்கு வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு விருந்து மண்டபத்தில் கூட்டம். இங்கே தமிழருக்கொரு அருங்காட்சியகம் வேண்டும் என்று பேச்சு. நல்ல விடயம். யாழ் நூலகம் 1981இல் எரிந்ததற்கு ஒரு அறை, முள்ளிவாய்க்காலுக்கு ஒரு அறை, சோழர் வெண்கலம், ஏடு, பறை, யாழ். 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். 2025 மே மாதம் பக்கத்துப் பிரம்ரனில் நினைவுச்சின்னம் எழுந்தது. எழ வேண்டியதுதான். கேள்வி நேரத்தில் நான் கேட்டேன்: 1990 ஒக்ரோபருக்கு ஒரு மூலை இருக்குமா? அந்த மாதம் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து.

மண்டபம் அமைதியானது. பிறகு ஒருவர், மரியாதையான மனிதர், "ஐயா, அது நடந்திருக்கக்கூடாது, ஆனா இப்ப அது தேவையோ?" என்றார். இன்னொருவர், "எதிரிக்குத் தீனி போடுற கதை" என்றார். தேநீர் இடைவேளையில் ஒரு இளம்பெண் என்னிடம் வந்து, அப்படி ஒன்று நடந்ததா என்று கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். அவளுக்கு வதிவிடப் பள்ளிகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

எங்கள் வரவேற்பறைகளைப் பாருங்கள். சோபாவுக்கு மேலே ஊர்ப் படம். பனை, கிடுகு வேலி, மாட்டு வண்டி, தூரத்தில் கோபுரம், அந்திச் சிவப்பு. பனை இருக்கிறது, பனையில் ஏறுகிற மனிதர் இல்லை. கோபுரம் இருக்கிறது, 1968இல் மாவிட்டபுரத்தில் அந்தக் கோபுரத்துக்கு வெளியே மறித்து வைக்கப்பட்ட சனம் இல்லை. சோனகத்தெரு இல்லை, ஒஸ்மானியாக் கல்லூரி இல்லை, பள்ளிவாசல் இல்லை. ரொம் தொம்சனாவது ஒரு மரத்தின் வலியைத் தீட்டினார். நாங்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டியிருப்பது முடிக்குரிய காணிப் படம். முடி மட்டும் எங்களுடையது.

வேறு மாதிரிச் செய்யலாம் என்பதற்கும் ஆள் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'முழுமையுறாத தோம்பு' என்றொரு புத்தகம் செய்தார். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் அவரவர் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, அடுப்படி எங்கே என்று கோணல்மாணலாக அவர்கள் கீறியவற்றைப் படவரைஞரின் வரைபாக மாற்றி, பக்கத்தில் தன் ஓவியத்தையும் வைத்தார். பறங்கியும் ஒல்லாந்தனும் வரிக்காக எழுதிய தோம்பின் பெயரில், காணியை இழந்தவர்கள் எழுதிய தோம்பு. அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியை அந்த விருந்து மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

சனாதனனைப் பற்றித் திரும்பி வரும் ரெயினில் மாமாவுக்குச் சொன்னேன். அவர் கலைக்கூடத்தில் தந்த வழிகாட்டித் தாளைப் பின்பக்கம் திருப்பி, என்னிடம் பேனை வாங்கி, கீறத் தொடங்கினார். ரெயின் ஆட்டத்திலும் கோடு நேராகத்தான் போனது. காங்கேசன்துறை வீதி, ஐந்துசந்தி, ஒஸ்மானியா, பள்ளிவாசல். அதற்கருகே சின்னதாக ஒரு சதுரம்.

"உதிலை ஒரு தையல்கடை," என்றார். "எங்கட வீட்டிலை ஒரு சிங்கர் மெசின் கிடந்ததெல்லே. உன்ர மனிசிக்கு அவளின்ர மாமி அதிலைதான் பள்ளிக்கூடச் சட்டை தைச்சுக் குடுத்தவ."

"ஓம், சொல்லியிருக்கிறா."

"அது தொண்ணூறாம் ஆண்டு கார்த்திகையிலை வாங்கினது. சரியான மலிவாக் குடுத்தாங்கள்." யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "மெசினைக் கண்டவுடனை எனக்குத் தெரியும், ஆற்றை எண்டு. மேசையிலை ஒரு பக்கம் அலவாங்கு பட்ட மாதிரி வெடிச்சிருந்தது. நான் எத்தினை தரம் அந்தக் கடைக்குக் காற்சட்டை தைக்கக் குடுக்கப் போயிருப்பன்."

கடைக்காரரின் பெயர் என்ன என்று கேட்டேன். போர்ட் கிறெடிற் வரும்வரை யோசித்தார். கார் தரிப்பிடத்திலும் யோசித்தார். நினைவு வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. மாமா போய் இப்போது மூன்று மாதம். அந்தத் தாள் எங்கள் பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. எல்லாச் சதுரத்துக்குள்ளும் அவருடைய அழகான கையெழுத்தில் பெயர் இருக்கிறது, அந்த ஒன்றைத் தவிர.